ஒரே நாளில் 240 கி.மீ. போய்த் திரும்ப வேண்டும்: எத்தனை மணிக்குக் கிளம்புவது, வண்டியில் என்ன பார்ப்பது?

முதல்பயணி:

வணக்கம் நண்பர்களே. அடுத்த சனிக்கிழமை பக்கத்து நகரத்துக்குக் காரில் போய்விட்டு அன்றைக்கே திரும்ப வேண்டும். ஒரு வழிக்கு 240 கி.மீ. அதில் 215 கி.மீ. நான்குவழி நெடுஞ்சாலை. மிச்சம் 25 கி.மீ. இரண்டு ஊருக்குள்ளும் வரும் நெரிசலான சாலை. நாங்கள் போகிற ஊர் ஏறக்குறைய நேர் கிழக்கே இருக்கிறது. அங்கே 4 மணி நேர வேலை.

வண்டி 6 வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். டயர்கள் வண்டியோடு வந்தவையே. வருகிறவர்கள் நான், மனைவி, 68 வயது அம்மா, 6 வயதுப் பையன். ஓட்டுவது நான் ஒருவன்தான். ஊருக்குள் தினமும் ஓட்டுகிறேன், ஆனால் ஒரே மூச்சில் 60 கி.மீ.க்கு மேல் ஓட்டியதில்லை.

என் திட்டம்: காலை 8 மணிக்குக் கிளம்பி, 100-இல் போனால் 10.30-க்குள் அங்கே. 3 மணிக்குத் திரும்பினால் 5.30-க்கு வீடு. இது சரியாக வருமா? கிளம்பும் முன் வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? நெடுஞ்சாலையில் டயர் சூடாகிக் காற்று விரியும், அதனால் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். அது உண்மையா?

மைல்கல்:

மீட்டரில் 100 காட்டுவது வேறு, சராசரி 100 வருவது வேறு. முதலில் ஊர்ச் சாலையைத் தனியாகக் கணக்கிடுங்கள். 25 கி.மீ. நெரிசல் என்றால் இரண்டு முனையும் சேர்த்து ஒரு மணி நேரம் போய்விடும். நெடுஞ்சாலையில் 90-இலேயே நின்று ஓட்டினாலும், லாரிக்குப் பின்னால் காத்திருப்பது, சாலைப் பணி, சந்திப்பு எல்லாம் சேர்ந்து சராசரி 80-க்குத்தான் வரும். 215 கி.மீ.க்கு 2 மணி 40 நிமிடம். நடுவில் 20 நிமிட நிறுத்தம். ஆக ஒரு வழிக்கு 4 மணி நேரம். மேப் இதைவிடக் குறைவாகக் காட்டினால், அது நீங்கள் நிற்கப்போகும் நேரத்தைச் சேர்க்கவில்லை என்று அர்த்தம். தேடும்போது 'இப்போது' என்று விட்டுவிடாமல், சனிக்கிழமை கிளம்பும் நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

போக 4, வேலை 4, சாப்பாட்டுக்கு முக்கால் மணி, வர 4. மொத்தம் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். 8 மணிக்குக் கிளம்பினால் வீடு சேர இரவு 8.45 ஆகும். நெடுஞ்சாலையின் கடைசிப் பகுதி முழுக்க இருட்டு, களைத்த கண், அதுவும் பழக்கமில்லாத கை. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் சேரக்கூடாது. ஆகவே பயணத்தைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து மணியைக் கழித்துக்கொண்டே வாருங்கள். காலை 5.30-க்குக் கிளம்ப வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய இரவு 9 மணிக்கே விளக்கை அணைத்துவிட வேண்டும். அது முடியாது என்றால் அங்கே ஒரு இரவு தங்குவதே மேல். இன்னும் முன்னால் 4 மணிக்குக் கிளம்பலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரவு 2-லிருந்து 6 வரை உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். 5.30 என்றால் அந்த நேரத்தின் கடைசி அரை மணி ஊர்ச் சாலையிலேயே கழிந்துவிடும். நெடுஞ்சாலை ஏறும்போது விடிந்திருக்கும்.

வேகத்துக்கு வருகிறேன். 215 கி.மீ.யை 80-இல் ஓட்டினால் 2 மணி 41 நிமிடம், 100-இல் 2 மணி 9 நிமிடம், 120-இல் 1 மணி 48 நிமிடம். முதல் 20-ஐக் கூட்டினால் 32 நிமிடம் மிச்சம், அடுத்த 20-க்கு 21 நிமிடம்தான். ஆனால் வண்டி நிற்க எடுக்கும் தூரம் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. பிரேக் போட வேண்டும் என்று மூளைக்கு உறைத்துக் கால் அழுத்துவதற்கு ஒன்றரை நொடி என்று வைத்தால், காய்ந்த சாலையில் 80-இல் சுமார் 68 மீட்டர், 100-இல் சுமார் 97 மீட்டர். சாலை நனைந்திருந்தால் 100-இல் 125 மீட்டரைத் தாண்டும். பெட்ரோலும் அப்படியே: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறுவதால், 100-இலிருந்து 120-க்குப் போனால் அந்த எதிர்ப்பு மட்டும் 44 சதவீதம் கூடும். முதல் நீண்ட பயணத்துக்கு, சாலையின் வேக வரம்புக்கு உட்பட்டு, 80-90 போதும்.

முன்வண்டியோடு எவ்வளவு இடைவெளி என்று மீட்டரில் யோசிக்க வேண்டாம். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பியுங்கள், நீங்கள் அதே கம்பத்துக்கு வர 3 நொடியாவது ஆக வேண்டும். மழையில் அதை இரட்டிப்பாக்குங்கள்.

சக்கரம்:

காத்தைக் குறைச்சிடாதீங்க! இந்த ஒரு அறிவுரையாலதான் நெடுஞ்சாலையில் டயர் வெடிக்குது. டயர் சூடாகுறதுக்குக் காரணமே காத்துக் கம்மியா இருக்குறதுதான். காத்துக் குறைஞ்சா பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைச்சா மடிப்புல சூடாகுதே, அதே கதைதான். அந்தச் சூடு உள்ளே இருக்குற ரப்பரையும் நூலையும் பிரிச்சிடும்.

டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், இல்லேன்னா பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் பாருங்க. அதுல இரண்டு கணக்கு போட்டிருக்கும்: ஆள் குறைவா இருக்குறப்ப ஒண்ணு, முழு பாரத்துக்கு ஒண்ணு. நாலு பேரும் பையும் போறதால நீங்க முழு பாரக் கணக்கை வைங்க. டயர் மேல எழுதியிருக்குற அதிகபட்ச பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) டயரோட எல்லை, அது உங்க வண்டிக்கான அளவு இல்ல. டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்கணும், அதாவது வண்டி மூணு மணி நேரமாவது நின்னிருக்கணும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்கு மேல ஓடியிருக்கக் கூடாது. வெப்பம் 10 டிகிரி ஏறினா சுமார் 2 பிஎஸ்ஐ கூடும். ஓடி முடிச்சு அளந்தா 4, 5 கூடுதலாக் காட்டுறது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காத்தைப் பிடுங்கிடாதீங்க, மறுநாள் காலைல குறைஞ்சு நிக்கும். நைட்ரஜன் அடிச்சா இந்தப் பிரச்சினை இல்லேன்னும் சொல்வாங்க. சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், சூட்டுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஏறும்.

எனக்கு இதைவிடக் கவலை உங்க டயரோட வயசு. பக்கச்சுவர்ல DOT-ன்னு இங்கிலீஷ் எழுத்துல ஆரம்பிக்குற வரிசையோட கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 2319-ன்னு இருந்தா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. சில டயர்ல இது உள்பக்கம் திரும்பியிருக்கும், ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. அப்புறம் பள்ளங்களுக்கு நடுவுல குறுக்கே சின்ன மேடு இருக்கும், அது தேய்மானக் குறி, 1.6 மில்லிமீட்டர் உயரம். டயரோட மேல்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயர் முடிஞ்சுபோச்சு. ஆனா பள்ளம் நல்லா இருந்தாலும் வயசான டயர் ஏமாத்தும். பள்ளத்தோட அடியிலயும், பக்கச்சுவர் மேல்பரப்பைச் சந்திக்குற மடிப்புலயும் விரலால அகட்டிப் பாருங்க. மயிரிழை மாதிரி வெடிப்பு வரிசையாத் தெரிஞ்சாலோ, பக்கச்சுவர்ல ஒரு இடம் புடைச்சிருந்தாலோ அந்த டயர்ல போகாதீங்க. புடைப்புன்னா உள்ளே நூல் அறுந்திருக்கு.

வால்வையும் விட்டுடாதீங்க. ரப்பர் வால்வை மெல்ல ஒரு பக்கமாச் சாய்ச்சு, அடியில வெடிப்பு இருக்கான்னு பாருங்க. மேல சோப்புத் தண்ணி ஒரு சொட்டு. குமிழி வந்தா உள் பின்னை மாத்தணும். மூடி இல்லாத வால்வுல மண்ணு போய் அடைச்சுக் கசியும்.

ஸ்டெப்னியை வெளியே எடுத்துக் காத்து பாருங்க. ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட இறக்காத ஸ்டெப்னி பாதிக் காத்தோடதான் இருக்கும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், இழுவை வளையம் மூணும் இடத்துல இருக்கான்னு கையால தொட்டுப் பாருங்க. அலாய் வீல்ல திருட்டுத் தடுப்பு நட்டு இருந்தா அதுக்குன்னு ஒரு தனிச் சாவி உண்டு. அது இல்லேன்னா நடுரோட்ல எந்த ஸ்பேனரும் உதவாது. வீட்டு வாசல்லயே ஒரு நட்டை அரைச் சுத்து தளர்த்தி மறுபடி முறுக்கிப் பாருங்க. கடைல மெஷின் வச்சு முறுக்கின நட்டு உங்க கைபலத்துக்கு அசையலேன்னா, அது இப்பவே தெரியுறது நல்லது.

சர்வீஸ் விடுறதா இருந்தா முந்தின நாள் விடாதீங்க, ஒரு வாரம் முன்னாடி விடுங்க. சரியா முறுக்காத ஆயில் வடிகால் போல்ட், திரும்பப் போட மறந்த கிளிப், தளர்ந்த நட்டு, இதெல்லாம் முதல் 100, 200 கிலோமீட்டர்லதான் வெளியே வரும். அது ஊருக்குள்ளேயே வரட்டும்.

பானெட்டைத் திறந்தா: சமதரைல இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிஷம் கழிச்சு ஆயில் குச்சி, ரிசர்வ் டப்பாவுல கூலன்ட், பிரேக் ஆயில் அளவு. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். மாத்தி இரண்டு வருஷம் ஆயிருந்தா மாத்திடுங்க. பேட்டரி முனைல வெள்ளைப் பூ பூத்திருந்தா வெந்நீர் ஊத்தித் துடைங்க. வைப்பர் ரப்பர் கோடு விழாமத் துடைக்குதான்னு தண்ணி அடிச்சுப் பாருங்க.

முதல்பயணி:

இருவருக்கும் மிக்க நன்றி. இப்போதுதான் பார்த்தேன்: நாலு டயரும் 6 வருடத்துக்கு முந்தைய எண்தான், முன்னிரண்டில் பள்ளத்துக்குள் வெடிப்புத் தெரிகிறது. நான்கையும் மாற்றப் போகிறேன். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருக்கிறது, அது சரியா? பெட்ரோல் முழு டேங்க் அடித்தால் போய்வரப் போதுமா? பையனுக்குக் காரில் வாந்தி வரும். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு.

சக்கரம்:

ஒல்லி ஸ்டெப்னி தற்காலிகத்துக்குன்னே செஞ்சது. அது மேலேயே 80 கி.மீ. வேக வரம்பு எழுதியிருக்கும். காத்தும் 60 பிஎஸ்ஐ, மத்த டயர் மாதிரி 33 வச்சிடாதீங்க. அதைப் போட்டா பக்கத்துல இருக்குற பஞ்சர் கடை வரைக்கும்தான், பயணத்தை அதுல முடிக்கக் கூடாது. புது டயர் போட்டா நட்டுகளை 50, 100 கி.மீ. ஓடின பிறகு ஒரு தடவை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்க. அதனால இந்த வாரத் தொடக்கத்திலேயே மாத்திடுங்க. புது டயரோட மேல் வழவழப்பு தேய முதல் 200 கி.மீ. ஆவது ஆகும், அதுவரைக்கும் பிடிமானம் கொஞ்சம் கம்மியா இருக்கும்.

பெட்ரோலுக்கு: லிட்டருக்கு 15 கி.மீ.ன்னு வச்சாலும் 480-க்கு 32 லிட்டர். 35 லிட்டர் டேங்க்ல அது கழுத்து வரைக்கும் வந்துடும். திரும்புறதுக்கு முன்னால அங்கேயே நிரப்பிக்கோங்க. இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகும்னு மீட்டர் காட்டுற எண் கடைசியா ஓட்டின விதத்தை வச்சுப் போடுற கணக்கு. ஊருக்குள்ள ஓட்டினப்ப காட்டினது நெடுஞ்சாலைக்குச் செல்லாது. கால் டேங்குக்குக் கீழ விடாதீங்க, டேங்குக்குள்ள இருக்குற பம்ப் பெட்ரோல்லதான் குளிருது.

நிதானம்:

கிழக்கே போகிறீர்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. காலையில் கிழக்கே போய் மாலையில் மேற்கே திரும்பினால், இரண்டு தடவையும் சூரியன் உங்கள் முகத்தில்தான் இருக்கும். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரமும், மறையும் முன் கடைசி ஒரு மணி நேரமும்தான் மோசம். முன்வண்டியின் பிரேக் விளக்கு எரிவதே தெரியாது. கண்ணாடி மேல் மடிப்பான் அந்த உயரத்துச் சூரியனுக்கு எட்டாது. கறுப்புக் கண்ணாடி கட்டாயம், அதோடு முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடையுங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து வெளிவிடும் ஆவி, உள்பக்கம் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிந்திருக்கும். நிழலில் நின்று பார்த்தால் கண்ணாடி பளிச்சென்றுதான் இருக்கும். வெயில் நேரே அடிக்கும்போதுதான் பாலாடை விழுந்ததுபோல் மொத்தமும் வெளுக்கும். முதலில் ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி, வட்டமாக இல்லாமல் மேலிருந்து கீழாக.

தூக்கத்துக்கு இரண்டாவது நேரம் ஒன்று உண்டு: மதியம் 2-லிருந்து 4 வரை. நீங்கள் திரும்பத் தொடங்குவது சரியாக அதில்தான். 100 வேகத்தில் நான்கு நொடி கண் சொக்கினால் 111 மீட்டர் வண்டி தானே போயிருக்கும். மதியம் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். கிளம்பும் முன் ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் சாய்ந்து தூங்குங்கள். காபி வேலை செய்ய ஏறக்குறைய அந்த நேரம்தான் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். அரை மணியைத் தாண்டினால் எழுந்தபின் மந்தமாக இருக்கும், அலாரம் வையுங்கள். கொட்டாவி, கண் எரிச்சல், கடந்து வந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லாமை, தடக்கோட்டை மிதிப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிற்க வேண்டும். கண்ணாடியை இறக்குவதும் பாட்டைக் கூட்டுவதும் தூக்கத்தைக் கலைக்காது.

ஏசியில் உள்காற்றையே சுழலவிடும் பட்டனை எப்போதும் போட்டு வைக்காதீர்கள். நான்கு பேர் மூச்சில் கரியமில வாயு ஏறித் தலை கனக்கும். அரை மணிக்கு ஒரு தடவை வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம். அம்மா கட்டாயம் இறங்கி நடக்க வேண்டும், உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் தேங்கும். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். டிக்கி வெயிலில் கொதிக்கும். பையன் கிளம்புவதற்கு முன் லேசாகச் சாப்பிடட்டும், வெறும் வயிறும் வாந்தியைக் கூட்டும். போனோ புத்தகமோ கொடுக்காமல் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் அசையவில்லை என்கிறது, காது அசைகிறது என்கிறது, அந்த முரண்தான் வாந்தி. பின்சீட்டில் அவனுக்கான இருக்கையில் பெல்ட்டோடு உட்காரட்டும், அழுதாலும் மடியில் வேண்டாம்.

சாலையோரம்:

ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். டயர் வெடித்தால் கால் தானாக பிரேக்குக்குப் போகும், போகவிடாதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடியுங்கள், ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள், வண்டி தானே தளர்ந்தபின் ஓரம் கட்டுங்கள். திடீர் பிரேக் போட்டால் பாரம் முன்னால் சாய்ந்து வண்டி சுழலும்.

வெப்பமானி ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரம் கட்டுங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி தளர்ந்த நொடியில் ஆவியாக முகத்தில் அடிக்கும். அரை மணியாவது ஆறட்டும்.

வண்டி நின்றுவிட்டால் நால்வரும் போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். வண்டிக்குள்ளும் வேண்டாம், வண்டிக்குப் பின்னாலும் வேண்டாம். சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டராவது பின்னால் வையுங்கள், வளைவு என்றால் வளைவுக்கு முன்பே. டயர் மாற்றுமிடம் சாய்வாகவோ, வண்டிகள் உரசிப் போகும்படியோ இருந்தால் மாற்றாமல் உதவிக்கு அழையுங்கள்.

மழை வந்தால் வேகத்தை 70-க்குக் கீழே இறக்குங்கள். 32 பிஎஸ்ஐ டயர், தேங்கிய தண்ணீரில் சுமார் 94 கி.மீ. வேகத்தில் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பிக்கும். அப்போது ஸ்டியரிங் திடீரென லேசாகும், பிரேக் போட்டாலும் பயன் இல்லை. கால் எடுத்து, நேராகப் பிடித்துக் காத்திருங்கள். குரூஸ் கண்ட்ரோல் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓடவைக்கும் வசதி) இருந்தால் மழையில் போடாதீர்கள். ஓடும் வண்டியில் ஹசார்ட் விளக்கும் வேண்டாம். நீங்கள் தடம் மாறப்போவது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.

தாமதமாகி இருட்டிவிட்டால் ஒரு கணக்கு: லோ பீம் வெளிச்சம் 50-60 மீட்டர்தான் எட்டும். 80-இல் வண்டி நிற்க 68 மீட்டர் வேண்டும் என்று மேலே மைல்கல் சொன்னார். அப்படியானால் 80-இல் போகிறவர் தன் வெளிச்சத்துக்குள் நிற்க முடியாது. விளக்கில்லாத இடத்தில் 60-க்கு வாருங்கள், 45 மீட்டரில் நிற்கும். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பையும் இருந்தால் முன்பக்கம் தூக்கி ஹெட்லைட் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று இருக்கும் சக்கரத்தை ஓரிரண்டு எண் ஏற்றி வையுங்கள்.

லாரியை முந்தும்போது அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் தெரியாவிட்டால் அவருக்கு நீங்களும் தெரியவில்லை. அந்த இடத்தில் தங்காமல் ஒரே மூச்சில் தாண்டுங்கள், முன்னால் இடம் காலியாகும்வரை ஆரம்பிக்கவே வேண்டாம்.

முதல்பயணி:

எல்லாவற்றையும் வைத்து இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். 5.30 புறப்பாடு. 6.00 நெடுஞ்சாலை. 7.30 நிறுத்தம், 20 நிமிடம். 9.30 சேர்தல். 1.30 வேலை முடிவு. 2.15 வரை லேசான சாப்பாடு, பிறகு 20 நிமிடத் தூக்கம், பெட்ரோல். 2.45 புறப்பாடு. 4.45 நிறுத்தம். 6.45 வீடு. சூரிய அஸ்தமனம் அன்றைக்கு 6.30.

நிதானம்:

காலை நன்றாக இருக்கிறது. மாலை நிறுத்தத்தை மட்டும் இரண்டாக உடையுங்கள். 4.15-க்குப் பத்து நிமிடம், களைப்பு இருக்கிறதா என்று பார்க்க. 5.30-க்கு இன்னொரு பத்து நிமிடம், அது சூரியன் கண்ணாடிக்கு நேராக இறங்கும் சமயம். அந்த இரண்டாவது நிறுத்தத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றி முன்கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடையுங்கள். பகல் முழுக்க ஒட்டிய பூச்சிகள் வைப்பருக்குப் போகாது, ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். ஹெட்லைட்டையும் அப்படியே துடைத்துவிட்டு அங்கேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.